வட்டம் போடப்படாத எண்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்த நேரத்தில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ஆய்வகத்தின் உள்ளறைவரை வந்துவிட்டார். கையில் அவருடைய தாயாரின் சிபிசி, அதாவது முழு இரத்த அணுக்கணக்கு, அறிக்கை இருந்தது. அதில் இரண்டு எண்களைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். ஓரத்தில் பென்சிலால் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டு, அதன் விடையையும் வட்டமிட்டிருந்தார். “இந்த மூணும் குறைஞ்சா அம்மா கால்ல இருக்கிற ரத்தக்கட்டி கரைஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கலாமா, டாக்டரம்மா?” என்று கேட்டார்.

நான் நோய்க்குறியியல் மருத்துவர். நோயாளிகளின் முகத்தைவிட அவர்களுடைய இரத்தம் வரும் மாதிரிக் குழாய்களின் மூடி நிறங்களையே அதிகம் பார்ப்பவள். ஆகவே, யாராவது அறிக்கையை இவ்வளவு கவனமாகப் படித்துவிட்டு வந்தால் எனக்குச் சாப்பாடு மறந்துவிடும். இந்த அம்மாவைப் பற்றி எழுத மகனின் அனுமதியைப் பெற்றிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

அம்மாவுக்கு வயது 61. வேறோர் ஊரில் முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஐந்தாம் நாள் வீடு திரும்பியிருந்தார். இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றுத் தோலுக்கடியில் போடும் எனாக்சபாரின் ஊசியை, மருத்துவர் சொன்னபடி மகனே நாள் தவறாமல் போட்டிருக்கிறார். எட்டாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிக் கல்போல் இறுகியது. டாப்ளர் என்ற ஒலியலைப் பரிசோதனையில் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ஆழ்சிரை, கருவியால் அழுத்தியபோது ஒட்டி மடங்காமல் அப்படியே நின்றது. நல்ல சிரையை அழுத்தினால் தண்ணீர் இல்லாத ரப்பர் குழாயைப்போல் மடங்கும். உள்ளே உறைகட்டி இருந்தால் மடங்காது. நோயைக் கண்டுபிடித்த பரிசோதனை அதுதான். மறுநாள், அதாவது அறுவைக்குப் பின் ஒன்பதாம் நாள், எடுத்த சிபிசியைத்தான் அவர் கொண்டுவந்திருந்தார்.

இந்தப் பரிசோதனையின் கதை எளிமையானது. வாலஸ் கூல்ட்டர் என்ற அமெரிக்கர் 1953-இல் காப்புரிமை பெற்ற முறையில், உப்புக் கரைசலில் மிதக்கும் அணுக்கள் ஒரு நுண்துளையின் வழியாக ஒவ்வொன்றாக இழுக்கப்படும். துளையைக் கடக்கும் ஒவ்வோர் அணுவும் மின்னோட்டத்தைக் கணநேரம் தடுக்கும். தடுத்த முறைகளை எண்ணினால் எண்ணிக்கை, தடுத்த அளவைப் பார்த்தால் பருமன். இன்றைய இயந்திரங்கள் ஒளிக்கதிர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஊதா மூடிக் குழாயிலிருந்து சில துளிகளை உறிஞ்சி, ஒரு நிமிடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட எண்களைத் தள்ளிவிடுகின்றன. கேட்டது நான்கைந்து எண்கள்தான், மற்றவை கொசுறு. அந்தக் கொசுறுகளைத்தான் அண்மைக் காலமாக ஆய்வுக்கட்டுரைகள் வாரிக் கட்டிக்கொண்டிருக்கின்றன.

மகன் பென்சிலால் போட்ட கணக்கு, வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுப்பது. என்.எல்.ஆர். என்று கைப்பேசியில் படித்திருக்கிறார். 82 விழுக்காட்டை 11-ஆல் வகுத்து, ஏறத்தாழ ஏழரை என்று எழுதியிருந்தார். நலமாக இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும். ஏழரை என்ற சொல்லே நம்மூரில் நல்ல சகுனம் இல்லையே. மனிதர் கலங்கித்தான் போயிருந்தார்.

அந்த விகிதத்துக்கும் சிரைக்கட்டிக்கும் உறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிரையில் கட்டி உருவாவது பெரும்பாலும் வால்வுகளின் மடிப்புக்குள், இரத்தம் தேங்கிச் சுழலும் இடத்தில் தொடங்குகிறது. அங்கே சிரையின் உள்சுவரில் முதலில் வந்து ஒட்டுகிறவர்களில் நியூட்ரோஃபில்களும் மோனோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களும் உண்டு. நியூட்ரோஃபில் தன் மரபுப்பொருளான டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசிக் கிருமிகளைப் பிடிக்கிறது என்பது 2004-இல் பெர்லினில் இருந்த ஆய்வாளர்களால் விளக்கப்பட்டது. அதே வலையில் தட்டணுக்களும் (பிளேட்லெட்) சிவப்பணுக்களும் சிக்கி, கட்டிக்குச் சாரம் கட்டியதுபோல் ஆகிவிடுகிறது என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. எனவே கட்டி உள்ளவர்களின் கூட்டத்தை இல்லாதவர்களின் கூட்டத்தோடு ஒப்பிட்டால், இந்த விகிதத்தின் சராசரி கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இந்த அம்மாவுக்கு ஒன்பது நாளுக்கு முன் எலும்பை அறுத்திருக்கிறார்கள். போதாததற்குச் சிறுநீர்க் குழாய் வைத்ததால் வந்த தொற்றும் காய்ச்சலும் வேறு. இவற்றில் எது ஒன்றும் தனியாகவே அந்த ஏழரையைக் கொண்டுவரும். வீட்டில் புகை வருகிறது என்பதை வைத்து எந்த அடுப்பில் எது வேகிறது என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது வட்டம் ஆர்.டி.டபிள்யூ. 17.1 விழுக்காடு. சிவப்பணுக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கின்றனவா, சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கின்றனவா என்பதைச் சொல்லும் எண் இது. எங்கள் ஆய்வகத்தில் 14.5-க்கு மேல் போனால் நட்சத்திரக் குறி விழும். ஸ்வீடனின் மால்மோவிலும் நார்வேயின் திரோம்சோவிலும் ஆயிரக்கணக்கான மக்களின் இரத்தத்தை எடுத்துவைத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, இந்த எண் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் சிரைக்கட்டி சற்று அதிகமாக வந்தது. அது நேர்மையான கண்டுபிடிப்பு. ஆனால் ஏன் என்பதற்கு உறுதியான விடை இல்லை. உடலுக்குள் நெடுநாளாகக் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியின் நிழலாக அது இருக்கலாம் என்பது பலருடைய ஊகம்.

நம் ஊர்ப் பெண்களிடம் இந்த எண் ஏறுவதற்கு முதல் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. இந்த அம்மாவின் ஹீமோகுளோபின் 9.6, சிவப்பணுவின் சராசரிப் பருமன் 73. கண்ணாடித்தகட்டில் பார்த்தால் நடு வெளுத்த சின்னஞ்சிறு அணுக்கள். கட்டி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய ஆர்.டி.டபிள்யூ. ஏறித்தான் இருந்திருக்கும். இதில் ஒரு வேடிக்கையையும் மகனிடம் சொன்னேன். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரும்பு மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் புதிதாகப் பிறக்கும் நல்ல பருமனான அணுக்கள் பழைய சிற்றணுக்களோடு கலப்பதால், இந்த எண் முதலில் இன்னும் ஏறும், பிறகுதான் இறங்கும். அவர் இதை வாராவாரம் வட்டமிட்டுப் பார்த்திருந்தால், தாயார் தேறிக்கொண்டிருக்கும் நாட்களில் தூக்கமில்லாமல் இருந்திருப்பார்.

மூன்றாவது வட்டத்துக்கான பழி எங்கள் மீதே. எம்.பி.வி., அதாவது தட்டணுக்களின் சராசரிப் பருமன், 11.8 ஃபெம்டோலிட்டர். பெரிய தட்டணுக்கள் இளமையானவை, துடிப்பானவை, எளிதில் ஒட்டிக்கொள்பவை என்பதால் கட்டியோடு இதைத் தொடர்புபடுத்தும் ஆய்வுகளும் உண்டு. திரோம்சோ ஆய்வாளர்களே 2010-இல் அப்படி ஒன்றை வெளியிட்டார்கள். ஆனால் ஊதா மூடிக் குழாயின் உட்சுவரில் பூசியிருக்கும் இ.டி.டி.ஏ. என்ற உப்பு பட்டதும், வட்டத் தட்டுப்போல் இருக்கும் தட்டணு உப்பிக் கோளமாகத் தொடங்கும். முதல் ஓரிரு மணி நேரத்திலேயே பருமன் கூடிவிடும். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இரத்தம் எடுத்தது காலை 6.40-க்கு, இயந்திரத்தில் ஏறியது 11.15-க்கு. அன்று மாதிரிகளைக் கொண்டுவரும் பையனின் வண்டி பழுது. அந்த 11.8-இல் அம்மாவின் உடம்புக்கு எவ்வளவு பங்கு, எங்கள் வண்டிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இத்தகைய கட்டுரைகள் ஏன் இவ்வளவு பெருகுகின்றன என்று கேட்டால், என் விடை கொஞ்சம் கசப்பானது. சிபிசி எல்லா நோயாளிக்கும் எடுக்கப்பட்டுக் கணினியில் கிடக்கிறது. செலவில்லை, நோயாளியிடம் புதிதாக ஒரு துளி இரத்தமும் கேட்க வேண்டாம், பழைய கோப்புகளை எடுத்து ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் ஒரு கட்டுரை தேறிவிடும். எந்த எண்ணுக்கு மேல் போனால் ஆபத்து என்ற வெட்டுப்புள்ளி கட்டுரைக்குக் கட்டுரை மாறுகிறது. நான் படித்தவற்றில் பெரும்பாலானவை, இரத்தம் எடுத்து எவ்வளவு நேரத்தில் அளந்தார்கள் என்பதைக்கூடச் சொல்வதில்லை. கட்டி இல்லை என்று ஒதுக்குவதற்கு டி-டைமர் என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது. அதுவும் அறிகுறிகளைப் பார்த்து வாய்ப்புக் குறைவு என்று மருத்துவர் கணித்தவர்களிடம்தான் பயன்படும். அறுவை ஆனவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் அது எப்படியும் ஏறியே இருக்கும் என்பதால், இந்த அம்மாவுக்கு அதைக் கேட்காமல் நேராக டாப்ளர் எடுத்தது சரி.

இவ்வளவையும் சொல்லி அவரைத் தேற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டே, “பழைய அறிக்கைகள் இருக்கின்றனவா?” என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுவைத்தேன். நெகிழிப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். அறுவைக்கு முன் தட்டணுக்கள் 3.1 லட்சம். அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள், வீடு திரும்பிய அன்று, 3.9 லட்சம். இன்றைய தாளில் 1.7 லட்சம்.

எங்கள் தாளில் 1.7-க்கு நட்சத்திரம் விழவில்லை. இயல்பு எல்லை 1.5 முதல் 4.5 லட்சம் என்று அச்சிட்டிருப்பதால் இயந்திரத்துக்கு அது நல்ல எண். மகனும் வட்டம் போடவில்லை. ஆனால் அறுவைக்குப் பின் தட்டணுக்கள் ஏறிக்கொண்டே போக வேண்டிய நாட்கள் அவை. ஏற வேண்டிய நேரத்தில், நான்கே நாட்களில், பாதிக்கும் மேல் சரிந்திருக்கின்றன. அதுவும் ஹெப்பாரின் குடும்பத்தைச் சேர்ந்த அந்த எனாக்சபாரின் ஊசி தொடங்கிய ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில். கூடவே புதிதாக ஒரு கட்டி. பசி எனக்கு அப்போதுதான் முழுதாகப் போயிற்று.

ஹெப்பாரின், தட்டணுக்களிலிருந்து வெளியாகும் நான்காம் காரணி என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சிலருடைய உடல் அந்த ஜோடியை அந்நியனாகக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அந்த எதிர்ப்பொருள் தட்டணுவின் மேல் அமர்ந்து அதை உசுப்பிவிட, உசுப்பப்பட்டவை மேலும் அதே காரணியைக் கக்க, வளையம் சுழலத் தொடங்குகிறது. தட்டணுக்கள் குறைவது அவை அழிந்துபோவதால் மட்டும் அன்று. கட்டி கட்டுவதற்குச் செலவாவதாலும்தான். உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தே உறைய வைக்கிறது. மூட்டு அறுவை ஆனவர்களிடமும் பெண்களிடமும் இது சற்று அதிகம். எனாக்சபாரின் போன்ற சிறு மூலக்கூறு ஊசிகளில், பழைய ஹெப்பாரினைவிடக் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று ஆகாது.

உடனே தொலைபேசியை எடுத்துவிடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில், இதேபோல் காலில் கட்டியோடு இருந்த ஒருவருக்குத் தட்டணுக்கள் 62 ஆயிரம் என்று இயந்திரம் சொன்னதை அப்படியே கையெழுத்திட்டு அனுப்பினேன். வார்டில் பயந்து, அவருக்கு அன்று அவசியமாயிருந்த ஹெப்பாரினை நிறுத்திவிட்டார்கள். மாலையில் சந்தேகம் வந்து கண்ணாடித்தகட்டைத் தேடி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, தகட்டின் ஓரமெங்கும் தட்டணுக்கள் பத்தும் இருபதுமாகக் கொத்துக்கொத்தாக ஒட்டிக் கிடந்தன. சிலருடைய இரத்தத்தில் இ.டி.டி.ஏ. பட்டதும் குழாய்க்குள்ளேயே இப்படி நடக்கும். உடலுக்குள் ஒன்றும் இராது. கொத்தை இயந்திரம் தட்டணுவாகக் கணக்கிடுவதில்லை. சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி இரத்தம் எடுத்து எண்ணி, ஒன்பது பங்கு இரத்தத்தில் ஒரு பங்கு சிட்ரேட் கலந்திருப்பதால் 1.1-ஆல் பெருக்கியபோது, அவருடைய உண்மையான எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அவருக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை என்பது என் சாமர்த்தியம் அன்று. அன்று முதல், தகட்டைப் பார்க்காமல் குறைந்த தட்டணு எண்ணிக்கையில் கையெழுத்திடுவதில்லை.

ஆகவே இந்த அம்மாவின் தகட்டை முதலில் பார்த்தேன். ஓரத்திலும் வாலிலும் கொத்து இல்லை. நீல மூடிக் குழாயில் எடுத்து எண்ணியதும் ஏறக்குறைய அதே எண்ணையே தந்தது. அதன்பிறகுதான் சிகிச்சை மருத்துவரை அழைத்தேன். சரிவின் அளவு, சரிந்த நாள், புதிய கட்டி, வேறு காரணம் உண்டா என்ற நான்குக்கும் தலா இரண்டு வரை மதிப்பெண் போடும் கணக்கு ஒன்று உண்டு. எட்டுக்கு ஆறு வந்தாலே ஐயம் வலுவானது. தொற்றையும் கணக்கில் கொண்டு நாங்கள் ஏழு போட்டோம். எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு மாதிரி வெளியூர் போய்த் திரும்ப நாளாகும். இதில் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஊசி அன்றே நிறுத்தப்பட்டு, ஹெப்பாரின் அல்லாத வேறு உறைவெதிர்ப்பு மருந்து தொடங்கப்பட்டது.

மகனுக்கு இதை விளக்குவதுதான் கடினமாக இருந்தது. டெங்கு நம் எல்லோருக்கும் பிளேட்லெட் என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் இரத்தம் கசியும், பப்பாளி இலைச் சாறு கொடுக்க வேண்டும், தட்டணுப் பை ஏற்ற வேண்டும் என்பது தெருமுனை டீக்கடை வரைக்கும் பரவிய அறிவு. அவரும், “அப்ப ரத்தம் உறையாம இருக்கிற மருந்தை ஏன் நிறுத்தாம மாத்திக் குடுக்கறாங்க? ஏத்த பிளேட்லெட் ஏற்பாடு பண்ணவா?” என்றார். இங்கே நிலைமை நேர்மாறு. தட்டணு குறையக் குறையக் கட்டி சேரும் வாய்ப்புத்தான் ஏறுகிறது. இரத்தக் கசிவு இல்லாத நிலையில் தட்டணுக்களை ஏற்றுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுபோல் ஆகிவிடலாம். வெறுமனே ஊசியை மட்டும் நிறுத்தினாலும் போதாது, வேறு மருந்து வேண்டும். வார்ஃபரின் என்ற உறைவெதிர்ப்பு மாத்திரையையும் உடனே தொடங்கக் கூடாது. தட்டணுக்கள் தேறிய பிறகே அதை நினைக்க வேண்டும். இருமுறை சொன்ன பிறகு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

எதிர்ப்பொருள் பரிசோதனை வலுவான நேர்மறையாக வந்தது. அதற்குள் தட்டணுக்கள் 1.4 லட்சம் வரை இறங்கி, திரும்ப ஏறத் தொடங்கியிருந்தன.

அடுத்த முறை வந்தபோது, “அப்ப நான் பார்த்த மற்ற நம்பர் எதுக்குமே பிரயோஜனம் இல்லையா?” என்று கேட்டார். சிபிசியின் பழைய, சலித்துப்போன எண்களுக்கு உறுதியான பயன் உண்டு என்பதற்கு வேறிரண்டு இடங்களைச் சொன்னேன். ஒன்று, புற்றுநோய் மருத்துவம். அலோக் குரானா என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட மதிப்பெண் முறையில், வேதிச் சிகிச்சை தொடங்குவதற்கு முன் தட்டணுக்கள் 3.5 லட்சத்தை எட்டியிருந்தால் ஒன்று, ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழ் இருந்தால் ஒன்று, வெள்ளணுக்கள் 11 ஆயிரத்தைத் தாண்டினால் ஒன்று என்று கூட்டி, புற்றின் இடத்தையும் உடற்பருமனையும் சேர்த்து, யாருக்குக் கட்டி வரும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கிறார்கள். அது வெவ்வேறு நாடுகளில் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டது. குறைகள் இருந்தாலும் முடிவெடுக்கப் பயன்படுகிறது.

இன்னொன்று, ஹீமோகுளோபின் அளவு மீறிப்போவது. காலில் கட்டியோடு வந்த நாற்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவருக்கு அது 18.9 இருந்தது. குடும்பத்தில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள்: நல்ல இரத்தம், ஊறிய உடம்பு என்று. ஜாக்2 மரபணுப் பரிசோதனை அது மஜ்ஜையின் நோய் என்று காட்டியது. 2005-இல் அந்த மரபணு மாற்றம் கண்டறியப்பட்டதிலிருந்து இந்த நோயைப் பிடிப்பது எங்களுக்கு எவ்வளவோ எளிதாகிவிட்டது. அப்படிப்பட்டவர்களின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை 45 விழுக்காட்டுக்குக் கீழ் வைத்திருக்க வேண்டும், அவருக்கு 57. அதனால் நீல மூடிக் குழாயிலும் சிக்கல்: பிளாஸ்மா குறைவாக இருப்பதால் வழக்கமான அளவு சிட்ரேட் அதற்கு மிகுதியாகி, உறைவு நேரம் பொய்யாக நீண்டு காட்டும். சிட்ரேட்டைக் குறைத்துத் தனிக்குழாய் தயாரித்துத்தான் அவருக்கு அளந்தோம்.

அந்த அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். உறைவெதிர்ப்பு மாத்திரை தொடர்கிறது. இரும்பு மாத்திரையும் தொடர்வதால் ஆர்.டி.டபிள்யூ. 19-ஐத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். படிவத்தில் ஹெப்பாரின் அல்லது எனாக்சபாரின் என்று குறித்திருந்தால், தட்டணு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் முந்தைய எண்ணும் தேதியும் அச்சாகும். வெளியிலிருந்து வரும் பல படிவங்களில் ஊசியின் பெயரை யாரும் எழுதுவதில்லை என்பதால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. மீதிக்கு இரத்தம் எடுக்கும் பெண்களையே கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மகன், தாயாரின் கைப்பையில் வைப்பதற்கு ஓர் அட்டை அச்சடித்து, சரிதானா என்று பார்க்கக் கொண்டுவந்தார். ‘இவருக்கு ஹெப்பாரின் எந்த வடிவிலும் போடக் கூடாது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, காரணத்தையும் தேதியையும் குறித்திருந்தார். நரம்பில் குத்தியிருக்கும் ஊசிக்குழாய் அடைக்காமல் இருக்க விடும் சிறு அளவும் இதில் அடங்கும் என்றேன். பேனாவை வாங்கி அதையும் ஒரு வரியாகச் சேர்த்து, அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டார்.